ஓடுகாலியும் டிரெட்மில்லும்

எனக்கு 46 வயது. போன ஆண்டு இரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டது. "தினமும் அரைமணி நேரம் நல்லா வேர்க்கணும்" என்றார் மருத்துவர். முத்தையாபுரத்தில் எங்கள் வீடு திருச்செந்தூர் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி இருக்கிறது. விடிகாலை ஐந்து மணிக்கு அந்தச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் இருக்கும். திறந்த டீக்கடை இருக்கும். கைவீசி நடக்கும் ஆண்கள் இருப்பார்கள். அளத்துக்கு உப்பு சுமக்கப் போகும் பெண்கள் தூக்குவாளியோடு விரைந்துகொண்டிருப்பார்கள். ஓடும் பெண் என்று ஒருத்தியையும் நான் பார்த்ததில்லை. நான் ஓடப்போகிறேன் என்றதும் வீட்டில் சின்னதாக ஒரு மௌனம். அதை அத்தைதான் உடைத்தார்.

"ரோட்டுல ஓடுனா ஊரு சிரிக்கும் தாயி. லாரி வேற தாறுமாறா வருது. வீட்டுக்குள்ளயே ஓடிக்கோ. அதான் பாதுகாப்பு."

அடுத்த வாரம் டிரெட்மில் வந்து இறங்கியது. படுக்கையறையில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் அதற்கு இடம் ஒதுக்கினோம்.

பதினோராம் நாள் காலை அதிலிருந்து விழுந்தேன். அடுப்படியில் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. அணைக்க யாரும் எழுந்து போகவில்லை என்று காதுக்குத் தெரிந்ததும் கழுத்து திரும்பியது. கழுத்து திரும்பியதும் கால் பட்டையின் ஓரத்துக்குப் போனது. பின்னால் சுவர். பட்டை நிற்காமல் என் முழங்காலை உரசிக்கொண்டே ஓடியது. ஆள் விழுந்தால் இயந்திரத்தை நிறுத்துகிற சிவப்புக் கயிறு, என் உடையில் மாட்டியிருக்க வேண்டியது, கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அது எதற்கு என்று விற்றவர்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "ஒனக்கு எதுக்கு இந்த ஓட்டம், நடந்தா போதாதா?" என்று அன்று சொன்னது யார் என்பது முக்கியமில்லை. எல்லா வீட்டிலும் அதைச் சொல்ல ஒருவர் இருப்பார்.

முழங்காலுக்கு மருந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் இயந்திரத்தோடு வந்த கையேட்டை எடுத்து வாசித்தேன். இலக்கியம் படித்தவளுக்கு எந்தப் பிரதியும் வாசிப்புக்கு உரியதுதான். அதில் பாதுகாப்பு என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. அத்தையும் அதே சொல்லைத்தான் சொன்னார். ஆனால் அத்தையின் பாதுகாப்பு என்னை ஊரின் கண்ணிலிருந்து காப்பது. கையேட்டின் பாதுகாப்பு என் எலும்பையும் இதயத்தையும் காப்பது. முதலாவதைக் கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் இரண்டாவதைப் பெண்ணுக்கு யாரும் கற்றுத் தருவதில்லை. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்.

சொல்லில் ஓடுகிறவள்

தமிழில் ஓடுகிற ஆண் ஓட்டக்காரன், ஓட்டப்பந்தய வீரன். ஓடுகிற பெண்ணுக்கு வழக்கில் காத்திருக்கும் சொல் ஓடுகாலி. சொல்லின் அமைப்பைப் பார்த்தால் அது ஓடும் கால் உடைய யாரையும் குறிக்கலாம். தெருவில் அது பெண் மேல்தான் வந்து விழுகிறது. 'ஓடிப்போனவன்' என்று ஆணைச் சொன்னால் கடனுக்குப் பயந்து போனானோ, பட்டாளத்துக்குப் போனானோ என்று கேட்பார்கள். 'ஓடிப்போனவள்' என்று சொன்னால் யாரும் கேள்வி கேட்பதில்லை. எல்லாருக்கும் விடை முன்பே தெரியும்.

இலக்கியமும் பெண்ணுக்கு நடையைத்தான் அள்ளி அள்ளிக் கொடுத்திருக்கிறது. அன்னநடை, பிடிநடை என்று உவமைகள் நூற்றாண்டுகளாக வரிசையில் நிற்கின்றன. மெல்ல நடப்பது அழகு, வேகம் அழகுக் குறைவு என்ற பாடம் அந்த உவமைகளுக்குள் இருக்கிறது. ஆனால் நெய்தல் நிலத்தை ஊன்றிப் படிக்கும் மாணவிக்கு வேறொரு காட்சியும் கிடைக்கும். கடற்கரை மணலில் நண்டைத் துரத்தி விளையாடும் சிறுமிகள். அலவனாட்டல் என்று அதற்குப் பெயர். ஓரையாடல், புனலாடல், ஊசலாடல் என்று உடல் முழுவதும் ஈடுபடும் விளையாட்டுகள் இருந்தன. எங்கள் கடற்கரையும் அதே நெய்தல்தான். நண்டைத் துரத்துகிறவள் நடந்து துரத்த முடியாது. ஆக, சங்கப் பெண் ஓடியிருக்கிறாள்.

எதுவரை ஓடினாள்? பருவம் வரும்வரை. அதற்குப் பிறகு இற்செறிப்பு. தாய் அவளை வீட்டுக்குள் வைத்துக் காவல் காக்கிறாள். அகப்பாடல்களில் காதலின் தடையாக இதைப் படித்தும் படிப்பித்தும் வந்திருக்கிறோம். அதை ஒரு பெண்ணின் தசைக்கும் மூச்சுக்கும் எலும்புக்கும் நேர்ந்த தடையாக எத்தனை வகுப்பறைகளில் படித்தோம்? பத்து வயதில் நண்டைத் துரத்தியவளின் கால்கள் பன்னிரண்டு வயதுக்குப் பிறகு என்ன ஆயின என்று எந்தத் துறைக்குறிப்பும் கேட்கவில்லை. நெடுந்தொலைவு சென்ற பெண்கள் நம் மரபில் உண்டு. அவர்களில் காரைக்கால் அம்மையார் பெண்ணின் வடிவத்தைக் கழற்றிப் பேயுருவம் கேட்டு வாங்கிய பிறகே கயிலைக்குப் போகிறார், அதுவும் தலையால் நடந்து. பெண்ணாகவே இருந்து, காலால், விரும்பிய வேகத்தில் போவதற்கு ஒரு வழியும் இல்லாமல்தான் அந்தக் கற்பனை அவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று நான் வாசிக்கிறேன்.

இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் டிரெட்மில் எவ்வளவு பொருத்தமான பொருள்! அது பெண்ணை ஓடவிடுகிறது. எங்கும் போகவிடுவதில்லை. ஐந்து கிலோமீட்டர் ஓடியவள் ஏறிய இடத்திலேயே இறங்குகிறாள். ஓடுகாலி ஆகாமல் ஓடுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. மின்சாரத்தில் ஓடும் இற்செறிப்பு அது.

செக்கும் சக்கரமும்

இந்த இயந்திரத்தின் பிறப்பு சிறைச்சாலையில். 1818-இல் இங்கிலாந்தில் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் கைதிகளுக்காக மிதிசக்கரம் ஒன்றை வடிவமைத்தார். கைதி படியில் ஏறுவான், படி கீழே இறங்கும், அவன் மறுபடியும் ஏறுவான். சில சிறைகளில் அது தானியம் அரைத்தது. பல சிறைகளில் எதையும் அரைக்கவில்லை. வேலையில் பயன் இல்லை என்பதே தண்டனையின் பகுதியாக இருந்தது. இங்கிலாந்தில் 1898-இன் சிறைச் சட்டத்தோடு அது முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பே கடல் தாண்டிப் போயிருந்தது. அடிமை முறை ஒழிந்ததாகச் சொல்லப்பட்ட பிறகு, 1834 முதல் 1838 வரையிலான 'பயிற்சித் தொழிலாளர்' காலத்தில், ஜமைக்காவில் கறுப்பினப் பெண்களைக் கைகளைக் கட்டி அந்தச் சக்கரத்தில் ஏற்றினார்கள். கால் தவறியவளின் முழங்காலைப் படிகள் கிழித்தன. சாட்டையும் இருந்தது. ஜேம்ஸ் வில்லியம்ஸ் என்ற இளைஞர் சொல்லி 1837-இல் அச்சான நூல் இதற்குச் சாட்சி. என் முழங்கால் சிராய்ப்பை அதோடு ஒப்பிட மாட்டேன். ஆனால் அந்தப் பக்கங்களைப் படித்தபோது கை தானாக முழங்காலுக்குப் போனது.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. 1908-இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கிய வ.உ.சி.யைப் பிடித்து, கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுக்க வைத்தது வெள்ளை அரசு. செக்கும் மிதிசக்கரமும் ஒரே சிந்தனையின் இரண்டு உருவங்கள். மனிதன் நடப்பான், இடம் மாறாது. நம் வயல்களில் ஏற்றம் மிதித்த கால்களும் ஒரே மரத்தில் முன்னும் பின்னும்தான் போயின. ஆனால் அங்கே தண்ணீர் மேலே வந்தது, பயிர் நனைந்தது, மிதித்தவர்கள் பாடினார்கள். உழைப்பின் பயன் யாருக்கு என்ற கேள்விதான் இவற்றைப் பிரிக்கிறது.

சிறையிலிருந்து இந்த இயந்திரம் மருத்துவமனைக்கு வந்தது. 1963-இல் ராபர்ட் புரூஸ் என்ற அமெரிக்க இதய மருத்துவர் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் கூடும் ஒரு சோதனை முறையை வகுத்தார். நம் ஊர் மருத்துவமனைகளில் 'டி.எம்.டி. எடுத்தாச்சா?' என்று கேட்பது அதைத்தான். 1968-இல் கென்னத் கூப்பரின் ஏரோபிக்ஸ் நூல் வந்தது. அதைப் படித்த வில்லியம் ஸ்டாப் என்ற பொறியாளர் வீட்டில் வைக்கத்தக்க விலையில் ஒன்றைச் செய்தார். தண்டனை சோதனையாகி, சோதனை சரக்காகிவிட்டது. பெண் என்ற வாடிக்கையாளருக்கு அது வந்து சேரும்போது கூடவே 'எடை குறையும்' என்ற வாக்குறுதி ஒட்டிக்கொண்டு வந்தது.

கையேடு யாரைப் பார்த்துப் பேசுகிறது?

கையேட்டின் வாசகருக்குப் பெயர் இல்லை, வயது உண்டு, எடை உண்டு. அவருக்குச் சேலை இல்லை, துப்பட்டா இல்லை, பின்னல் இல்லை, மாதவிடாய் இல்லை, பிரசவம் இல்லை. அடுப்பில் எதுவும் வேகவில்லை. இந்தப் பாலற்ற வாசகர் யார் என்று கொஞ்சம் தோண்டினால் ஆண் வெளிப்படுவார்.

இதயத்துடிப்பை எடுத்துக்கொள்வோம். '220-இலிருந்து வயதைக் கழி, அதுதான் உன் உச்சத் துடிப்பு' என்று பெரும்பாலான பயிற்சிக்கூடங்களில் எழுதி ஒட்டியிருப்பார்கள். 1970-களின் தொடக்கத்தில் பரவிய கணக்கு அது. 2010-இல் சிகாகோவில் மார்த்தா குலாட்டியும் அவரது குழுவினரும் 5,437 பெண்களை டிரெட்மில்லில் ஏற்றிப் பார்த்து வேறு சூத்திரம் தந்தார்கள். வயதை 0.88-ஆல் பெருக்கி 206-இலிருந்து கழிக்க வேண்டும். என் வயதுக்குப் பழைய கணக்கு 174 என்கிறது, புதிய கணக்கு சுமார் 166 என்கிறது. பழைய எண்ணைத் துரத்துகிற பெண் தன் உடலுக்கு உரியதைத் தாண்டிய ஓர் இலக்கை எட்ட முடியாமல், 'எனக்கு தம் பத்தல' என்று தன்னையே குறை சொல்வாள். டிரெட்மில்லில் எடுக்கும் இ.சி.ஜி. சோதனை, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும் தவறும் பெண்களிடம் அதிகம் என்பது இதயவியலில் நெடுநாளாகத் தெரிந்ததுதான்.

இன்னொரு வேதவாக்கு, 'ஒரு சதவீதச் சரிவு வைத்தால்தான் வெளியில் ஓடுவதற்குச் சமம்' என்பது. 1996-இல் வந்த ஆய்வு ஒன்றிலிருந்து அது கிளம்பியது. அந்த ஆய்வில் ஓடியவர்கள் நன்கு பயிற்சி பெற்ற ஒன்பது ஆண்கள். அவர்கள் ஓடிய வேகத்தில் காற்றின் எதிர்ப்பு கணக்கில் வரும். மணிக்கு ஏழு கிலோமீட்டரில் மெல்லோட்டம் ஓடும் நமக்கு அந்த வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதல்ல. ஒன்பது ஆண்களின் மூச்சு உலகம் முழுவதற்கும் விதியான கதை இது. திரையில் ஓடும் கலோரி எண்ணும் இப்படித்தான். அது ஒரு சராசரி உடலுக்கான மதிப்பீடு. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஓடினால் உடல் செலவிடும் ஆற்றல் குறையும், ஆனால் அந்த எண் குறையாமல் ஏறிக்கொண்டே போகும். அதை நம்பி ஒரு இட்லியைக் குறைப்பதும் கூட்டுவதும் வீண்.

விளம்பரம் 'பயன்' என்று சொல்வது இடுப்பளவை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் வேறு மொழியில் பேசுகிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் உழைப்பு. அதோடு வாரம் இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. அதில் எடைக் கணக்கு இல்லை, உடலின் வலு மட்டும் இருக்கிறது. எடை ஒரு கிலோகூடக் குறையாமல் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் தூக்கமும் சீராவது உண்டு. கண்ணாடிக்கு முன்னால் நின்று பயனை அளக்கச் சொல்லும் பண்பாட்டில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாம் எழுத வேண்டிய கையேடு

விமர்சனம் குறை சொல்வதோடு நின்றால் அடுத்த பெண்ணும் பதினோராம் நாள் விழுவாள். ஆகவே, விழுந்தபின் நான் கற்றதையும், மருத்துவரிடமும் உடற்கல்விப் பேராசிரியையிடமும் கேட்டு அறிந்ததையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் இடம். இயந்திரத்தின் பின்புறம் ஆறடியாவது காலியாக இருக்க வேண்டும். விழுந்தால் தரை இருக்க வேண்டும், சுவர் இருக்கக் கூடாது. பீரோ இடுக்கில் அதை வைப்பது நம் உடற்பயிற்சிக்கு வீடு தரும் மரியாதையின் அளவு. நான் அதைக் கூடத்துக்கு மாற்றினேன். அடுத்தது உடை. துப்பட்டாவும் முந்தானையும் நைட்டியின் விளிம்பும் பட்டைக்குள் போனால் ஆளை இழுத்துவிடும். காலை ஒட்டிய உடை, முடிந்த பின்னல், மார்பை இறுகத் தாங்கும் உள்ளாடை, காலுக்குப் பொருந்தும் காலணி ஆகியவை அலங்காரம் அல்ல, கருவிகள். வெறுங்காலோடு ஓட வேண்டாம். இந்தக் கடற்கரைப் புழுக்கத்தில் மூடிய அறைக்குள் ஓடினால் உடல் சீக்கிரம் சூடேறும். மின்விசிறியும் தண்ணீரும் அருகில் வேண்டும்.

ஏறும்போது பட்டையின் மேல் நிற்கக் கூடாது. இருபக்கத் தட்டுகளில் நின்று, சிவப்புக் கயிற்றின் கிளிப்பை உடையில் மாட்டி, ஒருமுறை இழுத்து இயந்திரம் நிற்கிறதா என்று பார்த்து, மிகக் குறைந்த வேகத்தில் பட்டை நகரத் தொடங்கியபின் கால் வைக்க வேண்டும். முதல் ஐந்து நிமிடம் நடை. பிறகு ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி இருபது நிமிடம், வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். நான்கு வாரம் கழித்து ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டி நடையைக் குறைக்கலாம். வேகத்தையும் நேரத்தையும் ஒரே வாரத்தில் கூட்டுகிறவர்களுக்குத்தான் முழங்காலும் கணுக்காலும் முதலில் வலிக்கும்.

பார்வை நேரே இருக்கட்டும். காலைப் பார்த்தால் சமநிலை போகும், திரும்பிப் பார்த்தால் என் கதி. காலடியை எட்டி வைக்காமல், உடலுக்கு நேர் கீழே குறுகக் குறுக வையுங்கள். கைப்பிடி தடுமாறும்போது பற்றிக்கொள்வதற்கு மட்டும். அதைப் பிடிக்காமல் ஓட முடியாத வேகம் நமக்கு அதிகமான வேகம். எது சரியான வேகம் என்று அறிய எளிய வழி பேசிப் பார்ப்பது. ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் மிதம். இரண்டு சொல்லுக்கு மேல் வரவில்லை என்றால் கடுமை. பாட முடிந்தால் இன்னும் கூட்டலாம். எந்தச் சூத்திரமும் தெரியாதவளுக்கும் மூச்சு கணக்குச் சொல்லும்.

நிறுத்தும்போது சட்டென்று இறங்காதீர்கள். ஓடும்போது காலுக்குப் பாய்ந்த இரத்தம் அங்கேயே தங்கி, தலை சுற்றும். ஐந்து நிமிடம் மெல்ல நடந்து துடிப்பை இறக்கி, பட்டை முழுதும் நின்றபின் இறங்குங்கள். இறங்கியதும் சாவியைக் கழற்றிக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, மின்செருகியை எடுத்துவிடுங்கள். 2021-இல் அமெரிக்காவில் பெலோட்டான் நிறுவனத்தின் டிரெட்மில்களில் ஒரு வகையைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். அடியில் இழுக்கப்பட்டு ஆறு வயதுக் குழந்தை ஒன்று இறந்திருந்தது. ஓடும் பட்டைக்குப் பின்னால் குழந்தை தவழக் கூடாது என்றால் அந்த நேரத்தில் குழந்தையைப் பார்க்க இன்னொருவர் வேண்டும். பெண்ணின் பாதுகாப்பான உடற்பயிற்சிக்கு முதல் தேவை வீட்டில் இன்னொரு பொறுப்பான மனிதர் என்பதை எந்தக் கையேடும் எழுதுவதில்லை.

இனி, கையேடுகள் வாய் திறக்காத பகுதி. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்து தயங்கி நின்று கேட்டாள்: "ஓடுனா கர்ப்பப்பை எறங்கிரும்னு எங்க ஆச்சி சொல்றா மேடம், நெசமா?" இல்லை. இந்தப் பயத்தை உலகம் முழுவதும் காட்டிப் பெண்களை ஓட்டப் பாதையிலிருந்து விலக்கிவைத்தார்கள். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். ஓடி முடித்துக் களைத்தவர்களைக் காட்டி, அந்தப் பந்தயத்தையே 1960 வரை நிறுத்திவைத்தார்கள். 1967-இல் பாஸ்டன் மாரத்தானில் கேத்ரின் சுவிட்சரை ஓடும் வழியிலேயே பிடித்து இழுத்தார் ஓர் அதிகாரி. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வர 1984 ஆயிற்று. ஆனால் ஆச்சியின் பேச்சுக்கு அடியில் ஓர் உண்மை இருக்கிறது. பிரசவங்களுக்குப் பிறகு இடுப்புத் தளத் தசைகள் தளர்ந்து, ஓடும்போது சிறுநீர் கசிவது பலருக்கு உண்டு. வெட்கப்பட்டு ஓட்டத்தை விடுகிறவர்கள் அதிகம், வாய்திறந்து சொல்கிறவர்கள் குறைவு. அந்தத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியால் பலருக்கு இது சரியாகிறது. அடிவயிறு இறங்குவதுபோல் பாரம் இருந்தால் மகப்பேறு மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் ஓட வேண்டும்.

இரத்தசோகை அடுத்தது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையான பெண்களில் இரத்தசோகை உள்ளவர்கள் நாட்டில் 57 சதவீதம், தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். சீக்கிரம் மூச்சு வாங்கினால் சோம்பேறி என்று உங்களைத் திட்டிக்கொள்ளும் முன் ஹீமோகுளோபின் பாருங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், குடும்பத்தில் இதயநோய் இருந்தால் மருத்துவர் சொன்னபின் தொடங்குங்கள். நெஞ்சுவலி மட்டும்தான் இதயத்தின் எச்சரிக்கை என்று எண்ண வேண்டாம். தாடை, முதுகு, தோள் வலியும், காரணமில்லாத பெரும் களைப்பும், குமட்டலும் பெண்களுக்கு அதே எச்சரிக்கையாக வரலாம். 'வாயுவா இருக்கும்' என்று கஷாயம் குடித்துப் படுத்த எத்தனை பெண்களை இந்த ஊர் இழந்திருக்கும்!

ஓடியவளை என்ன செய்தோம்?

வீட்டுக்குள் பத்திரமாக ஓடச் சொல்லும் சமூகம், வெளியே ஓடிக் காட்டிய பெண்ணை எப்படி நடத்தியது? புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பிறகு பாலினச் சோதனை நடந்தது. பதக்கம் பறிக்கப்பட்டது. அவர் ஊக்க மருந்து எடுக்கவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. பிறந்த உடலோடு ஓடினார். 'நீ பெண்தானா?' என்று உலகமே கேட்க, ஊர் அதைச் செய்தியில் படித்தது. சில ஆண்டுகளில் அவர் செங்கல் சூளையிலேயே கூலிக்கு நின்றார். பின்னர்தான் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் பணி கிடைத்தது.

2013-இல் வந்த 'எதிர்நீச்சல்' திரைப்படத்தில் இந்த வாழ்க்கையின் சாயலில் வள்ளி என்ற பாத்திரம் இருக்கிறது. நந்திதா நடித்தார். அவருக்கு இழைத்த அநீதியைப் படம் பரிவோடுதான் சொல்கிறது. ஆனால் கதையில் அவர் வேலை என்ன? நாயகனுக்கு மாரத்தான் ஓடப் பயிற்சி தருவது. உச்சக்காட்சியில் ஓடுவது அவன், ஓரத்தில் நிற்பது அவள். ஓடத் தெரிந்த பெண்ணின் கால்களை வாங்கி ஆணுக்கு மாட்டிவிட்டு, அதை அவளுக்குக் கிடைத்த நீதி என்று நம்மைக் கைதட்ட வைக்கிறது படம். நானும் திரையரங்கில் கைதட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. மெல்ல ஓடும் பெண் சிரிப்புக்கு ஆளாகிறாள், வேகமாக ஓடும் பெண் சந்தேகத்துக்கு ஆளாகிறாள். இரண்டுக்கும் நடுவில் மணிக்கு நாலரை கிலோமீட்டர் நடைதான் அனுமதிக்கப்பட்ட வேகம்.

யாருக்கு நேரம்?

2024-இல் லான்செட் இதழ்க் குழுமத்தில் வெளியான ஆய்வின்படி இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. ஆண்களில் அது 42 சதவீதம். செய்தி வந்ததும் 'பெண்கள் சோம்பேறிகள் ஆகிவிட்டார்கள்' என்ற தொனியில் பேசினார்கள். 2019-இன் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்வதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். கூலியில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? இருக்க முடியும். ஐந்து மணி நேரம் நின்று, குனிந்து, துடைத்து, கிளறும் வேலை உடலை ஓய்க்கும். ஆனால் அதில் பெரும்பகுதி மூச்சு வாங்க வைப்பதில்லை. களைப்பு வேறு, வலிமை வேறு. வீட்டுவேலையையே உடற்பயிற்சியாக நினைத்துக்கொள் என்று பெண்ணுக்கு அறிவுரை சொல்கிறவர்கள், அந்த உடற்பயிற்சியில் பாதியை ஆண்களுக்குக் கொடுத்துப் பார்க்கலாம்.

டிரெட்மில் வாங்க முடிந்தவள் நான். எங்கள் தெருவிலிருந்து அளத்துக்குப் போகும் அக்கா ஒருவர், கூடத்துக்கு வந்துவிட்ட இயந்திரத்தில் நான் ஓடுவதை ஒருநாள் சன்னல் வழியே பார்த்துவிட்டு நின்றார். வெயிலில், உப்புநீரில் வெடித்த பாதங்களோடு, தலையில் சுமையோடு நாள் முழுதும் நடக்கிறவர் அவர். "என்ன டீச்சர், இம்புட்டு ஓடியும் நின்ன எடத்துலயே நிக்கியளே!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவருக்கு வேண்டியது ஓட்டம் அல்ல. காலுக்கு நல்ல பூட்ஸ், நிழல், குடிதண்ணீர், கழிப்பறை, முழங்கால் வலிக்கு மருத்துவம். பெண் உடலின் நலம் என்று பேசும் நாம் டிரெட்மில்லோடு பேச்சை முடித்துக்கொண்டால் அது எங்களைப் போன்றவர்களின் நலம் மட்டும்தான்.

இயந்திரத்தை விற்றுவிடச் சொல்லி இதை எழுதவில்லை. மழைக்கும் லாரிக்கும் நாய்க்கும் இருட்டுக்கும் பயந்து, அதில் ஏறுகிற பெண்ணின் பயம் பொய்யல்ல. நடைபாதையும் தெருவிளக்கும் இல்லாத சாலையில் ஓடு என்று அவளுக்கு வீரம் போதிக்க நான் யார்? அவள் ஓடட்டும். கிளிப்பை மாட்டிக்கொண்டு, கைப்பிடியை விட்டு, தன் மூச்சைக் கேட்டு ஓடட்டும். குக்கரை அணைக்க வீட்டில் இன்னொருவர் எழுந்து போகட்டும். என் வீட்டில் இப்போது அத்தையின் மகன் போகிறார். முதல் மாதம் இரண்டுமுறை பருப்பு அடிப்பிடித்தது. யாரும் சாகவில்லை.

கார்த்திகை மழையில் ஒருநாள் காலை மின்சாரம் போனது. பன்னிரண்டாம் நிமிடத்தில் பட்டை நின்றுவிட்டது. மூச்சு சூடாக இருந்தது, கால்கள் நிற்க மறுத்தன. மழை விட்டிருந்தது. கதவைத் திறந்து, இரண்டு தெருவையும் கடந்து, திருச்செந்தூர் சாலை வரைக்கும் ஓடிப்போய்த் திரும்பினேன். நானூறு மீட்டர் இருக்கும். டீக்கடையில் நாலு பேர் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார். தூக்குவாளியோடு எதிரே வந்த அந்த அக்கா மட்டும் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டுச் சத்தமாகச் சொன்னார்:

"இப்பத்தான் டீச்சர் நகருதிய!"